டோஸ்ட்டுக்கு ஒரு பாட்டில்

ஒயினைப் பற்றிப் பேசும் ஆட்களை எனக்கு அறவே பிடிக்காது. குடிப்பவர்களைச் சொல்லவில்லை. குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிறவர்கள் எவ்வளவோ மேல். கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, மூக்கை உள்ளே நுழைத்து, ஏதோ எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரைப்போல முகத்தை வைத்துக்கொள்கிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். இரண்டாயிரத்து ஒன்பதில் நடந்த என் அக்காவின் கல்யாணத்தில் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்திடம் மாட்டிக்கொண்டோம். போதாததற்கு எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

கடலூரில் பிறந்தவர்களுக்குப் பாண்டிச்சேரி என்பது தனி ஊர் இல்லை. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் கடை, அவ்வளவுதான். எங்கள் ஊர் ஆண்களுக்கு அந்தக் கடையில் தெரிந்த சாமான் ஒன்றே ஒன்று. அது பழுப்பாக இருக்க வேண்டும், தொண்டையில் எரிய வேண்டும், தமிழ்நாட்டு விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒயின் என்றால் அது பெண்பிள்ளைகளுக்கும் மாதாகோயில் பூசைக்கும் உள்ளது. சத்தம்போட்டு நுரைத்தால் ஷாம்பெய்ன். பாண்டிச்சேரிக்காரர்கள் இவர்களை இளக்காரமாகப் பார்ப்பார்கள். அந்த இளக்காரத்துக்கு அவர்களிடம் என்ன தகுதி இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பக்கத்தில் குடியிருந்தார்கள் என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீடு அந்த ரகம். மாப்பிள்ளை நெய்வேலியில் வேலை பார்த்தார். வாயில் கொழுக்கட்டையை வைத்திருப்பவர்போல எந்நேரமும் மௌனம். அவருக்கும் சேர்த்துப் பேசியது அவருடைய பெரியம்மா. பெரியம்மாவின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகும் பென்ஷன் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. பென்ஷனோடு நாக்கும் அங்கிருந்தே வந்துவிட்டதாக அந்தம்மாவுக்கு நினைப்பு.

நிச்சயதார்த்தம் ஜனவரியில் எங்கள் வீட்டில் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு அப்பா போட்ட ஒயின் மிச்சமிருந்தது. பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் கிராம்பும் போட்டு, ஊறுகாய் ஜாடியில் துணி கட்டி ஊற வைப்பார். அப்பா பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இனிப்பில் கை தாராளம். ஒவ்வொரு டிசம்பரும் போடுவார். தேவனாம்பட்டினத்தில் சுனாமி அலை வந்த வருஷம் மட்டும், பண்டிகைக்கு மறுநாள் அப்படியே மூடி வைத்ததை யாரும் திரும்பத் திறக்கவில்லை.

அந்த ஒயினைச் சின்ன கிளாஸ்களில் ஊற்றி, தட்டில் வைத்து, அப்பாவே எல்லோருக்கும் கொண்டுபோய் நீட்டினார். பெரியம்மா ஒரு வாய் வைத்தார். இருமல் மருந்து நல்லா இருக்கே என்றார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், குரோட்டன்ஸ் தொட்டியில் மிச்சத்தை ஊற்றிவிட்டு, காலி கிளாஸை அப்பாவின் தட்டிலேயே திரும்ப வைத்தார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

அதோடு விடவில்லை. ரிசப்ஷனில் கேக் வெட்டியதும் டோஸ்ட் சொல்வார்கள் அல்லவா, மணமக்களை வாழ்த்தி ஒருவர் மைக்கில் பேச, எல்லோரும் கிளாஸைத் தூக்கிக் குடிப்பது. அதற்குப் பாட்டில் நாங்களே கொண்டு வந்துவிடுகிறோம், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்றார் பெரியம்மா. கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கும். அவர்கள் வீட்டு வழக்கம் அதில்தான் ஒளிந்திருந்தது. யார் வீட்டுப் பாட்டிலோ அந்த வீட்டு ஆள்தான் டோஸ்ட் சொல்வார். அதாவது பெரியம்மாவின் தம்பி. அக்காவை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்திருந்தார்.

டோஸ்ட் அப்பாதான் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அவள் கல்யாணத்தில் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். புடவை நிறம்கூட அவள் கேட்கவில்லை. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. நிறத்தையும் வயதையும் சொல்லி எத்தனையோ வீடுகள் தட்டிக் கழித்திருந்தன. அந்த வீட்டு வாசல்களில் எல்லாம் அப்பா கைகட்டி நின்றிருக்கிறார். பெண்ணுக்காக அத்தனை பேர் முன்னால் குனிந்தவர், ஒருநாள், ஒரு நிமிஷம், நிமிர்ந்து நின்று பேசட்டும் என்று அவள் நினைத்தாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வாழ்க்கையில் அதுவரை மைக்கைத் தொட்டிராத அப்பாவும், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, குளிக்கும்போது தனியாகப் பேசிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

“பாட்டில் நாங்க வாங்கிக்கிறோம்” என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வாங்குங்க. ஆனா தொறந்தா சத்தம் வரணும். சத்தம் வராட்டி எங்க பாட்டில எடுத்துடுவேன், கோச்சிக்கக் கூடாது.”

பாட்டில் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். படித்தவள், இன்டர்நெட் பார்க்கத் தெரிந்தவள், அது போதுமாம். அம்மாவின் தம்பிக்கு, எங்கள் மாமாவுக்கு, இதில் கடும் வருத்தம். அவர் இளமையில் கப்பலில் வேலை பார்த்தவர். சமையல் கட்டில் பாத்திரம் கழுவினார் என்று அம்மா சொல்லுவாள், சாப்பாட்டுக் கூடத்தில் ஆபீசர்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன் என்று அவர் சொல்லுவார். எப்படியோ, கழுவியதிலோ ஊற்றியதிலோ ஒட்டிக்கொண்ட ஞானம் முப்பது வருஷமாக அவரைவிட்டுப் போகவில்லை. ஒயின் எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது, விலை ஜாஸ்தின்னா சரக்கு நல்லாருக்கும், தங்கக் காகிதம் சுத்தியிருந்தா ஒசத்தி. இவை மூன்றும்தான் அவருடைய வேதம். மூன்றும் தப்பு. எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டும் நுரை ஒயினை வாங்கிய வருஷமே குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் கிழடு தட்டுமே தவிர ருசி கூடாது. தங்கக் காகிதம் எல்லாப் பாட்டிலிலும்தான் சுற்றியிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை பாண்டிச்சேரிக்குப் போனேன். ஒரு பொம்பளை தனியாக ஒயின் கடைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திடீரென்று ஒழுக்கசீலர்களாகி என்னை முறைத்தார்கள். கடைக்காரர், சாருக்கா மேடம் என்றார். எனக்கு என்றேன். உடனே லேடீஸ் ஒயின் என்று ஒரு சிவப்புப் பாட்டிலை எடுத்து வைத்தார். அது ஒயினும் இல்லை, சர்பத்தும் இல்லை. சாராயம் சேர்த்த சர்க்கரைப் பாகு. நுரைக்கிறது வேண்டும் என்றதும், கண்ணாடி அலமாரியில் மேற்கு வெயில் முழுக்க வாங்கிக்கொண்டு எத்தனை மாதமாகவோ நின்ற பாட்டிலை எடுத்தார். தூசி படிந்திருந்ததைத் துடைத்துவிட்டு, பழைய ஸ்டாக் மேடம், நல்லாருக்கும் என்றார். மாமாவும் இவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போல. உள்ளே பெட்டியில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று நின்று, வெளிநாட்டுப் பாட்டில் பக்கமே திரும்பாமல், நம் நாட்டில் செய்த நுரை ஒயினில் மூன்று வகையும் இனிப்பு ஒயினில் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். பையின் மேலே விடைத்தாள் கட்டை வைத்தேன். ஆல்பேட்டை செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி ஆண்களின் பைகளைக் குடைந்தார்கள். கண்ணாடி போட்ட டீச்சரம்மாவின் பையை எவனும் தொடவில்லை.

சிதம்பரத்தில் நான் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா வெங்காயம் வதங்கும் வாசனைக்கே மேலே வந்து பார்ப்பவர். மறுநாள் மத்தியானம் அவர் தூங்கும் நேரம் பார்த்து, அக்காவும் நானும் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கல்யாணக் கேக்குக்கு ஆர்டர் கொடுக்கவிருந்த பேக்கரியிலிருந்து அதே கேக்கில் ஒரு துண்டு வாங்கி வைத்திருந்தேன். என் மூளைக்கு எட்டிய ஒரே புத்திசாலித்தனம் அது. ஒயினைத் தனியாக ருசி பார்த்து என்ன பயன்? கல்யாணத்தில் அதைக் கேக்கோடுதானே குடிக்கப் போகிறார்கள்.

முதல் பாட்டில் ப்ரூட். இனிப்பே இல்லாதது, இருப்பதில் விலை கூடியது. அறிவாளிகள் எல்லாம் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். தனியாகக் குடித்தபோது பரவாயில்லை, பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி இருந்தது. ஐசிங்கைத் தின்றுவிட்டுக் குடித்ததும் அக்கா முகத்தைச் சுளித்தாள்.

“ஊறுகாத் தண்ணி மாரி இருக்குடி.”

அதுதான் விஷயம். கேக்கின் இனிப்பு ஒயினில் இருக்கும் கொஞ்சநஞ்ச இனிப்பையும் கொன்றுவிட்டுப் புளிப்பை மட்டும் மிச்சம் வைக்கிறது. ஒயின் குறைந்தபட்சம் கேக்குக்குச் சமமாகவாவது இனிக்க வேண்டும். இரண்டாவதில் எக்ஸ்ட்ரா ட்ரை என்று போட்டிருந்தது. பெயரைப் பார்த்தால் நாக்கு வறண்டுபோகும் என்று தோன்றும், குடித்தால் லேசாக இனிக்கிறது. இப்படிப் பெயர் வைத்தவர்களைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். மூன்றாவது டெமி செக். பாதி இனிப்பு. இருப்பதிலேயே மலிவானது. அதைக் கேக்கோடு குடித்தோம். நுரை மூக்கில் ஏறி, ஐசிங்கின் திகட்டலைத் துடைத்து, இன்னொரு துண்டு கேக் கேட்க வைத்தது. நன்றாக ஜில்லென்று இருந்தால் தேன், கொஞ்சம் சூடேறினால் பாகு என்பதையும் அன்றைக்கே கண்டுகொண்டோம். பிரியாணிக்குப் பிறகு பெரியவர்களுக்குக் கொடுக்க அந்த இனிப்பு ஒயின், டோஸ்ட்டுக்கு மலிவான டெமி செக் என்று முடிவானது. அந்த மூன்றாவது பாட்டிலை அக்கா திறந்தபோது கார்க் தெறித்து ஃபேனில் பட்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் சிரித்த சிரிப்பில் கீழே வீட்டுக்கார அம்மா எழுந்துவிட்டார். குக்கர் கேஸ்கட் இத்துப்போய் வெடித்தது என்று சமாளித்தோம்.

அதோடு நானே போய் ஒரு டஜன் பாட்டிலையும் வாங்கி வந்திருக்க வேண்டும். கல்யாணம் மே மாதம். அந்த வாரம் பேப்பர் திருத்தும் வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. மாமா முன்னால் வந்து நின்றார். வயசுப் பொண்ணு சாராயக் கடையில நிக்கிறதா, நான் எதுக்கு இருக்கேன் என்றார். அப்பாவும், சரி அவனே போகட்டும் என்றார். பாட்டிலின் பெயரை எழுதி, லேபிளைக் கிழித்து ஒட்டி, வேறு எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அதை மட்டும் அவர் ஒழுங்காகச் செய்தார். அதே பாட்டில்தான், பன்னிரண்டும் வாங்கினார்.

கல்யாணத்தன்று சாயங்காலம், மண்டபத்தின் சமையல் கட்டுக்குப் பின்னால், கேக் வெட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு போய்ப் பாட்டில்கள் எங்கே என்றேன். மாமா புது வேட்டியோடு, சாதித்த முகத்தோடு, ஐஸ் போட்ட பிளாஸ்டிக் தொட்டியைக் காட்டினார். தொட்டிக்குள் மிதந்தவை கலர் சோடா விற்கிற பெரிய பிளாஸ்டிக் பாட்டில்கள்.

“செக்போஸ்ட்ல புடிப்பானுங்கன்னு எல்லாத்தையும் இதுல ஊத்திட்டேன். பாக்க லெமன் சோடா மாரியே இல்ல? ஒரு சொட்டு சிந்தல.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய மூளை இது. எல்லையில் பிறந்து, எல்லையில் குடித்து, கலர் பாட்டிலில் பிராந்தியை ஊற்றி வேட்டி மடிப்பில் செருகிக் கொண்டுவந்து பழகிய தலைமுறை. பிராந்தி கோபித்துக்கொள்ளாது. அதை எதில் ஊற்றினாலும் பிராந்திதான். நுரை ஒயினின் நுரையெல்லாம் அதன் கனமான பாட்டிலுக்குள்தான், கம்பி கட்டிய கார்க்குக்குக் கீழேதான் அடைபட்டிருக்கிறது என்பது முப்பது வருஷம் கப்பல் கதை சொன்ன மனிதருக்குத் தெரியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் கன்னியக்கோயிலில் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து, புனல் வைத்து, நுரை பொங்கப் பொங்க அடங்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து ஊற்றியிருக்கிறார். அடங்கிவிட்டது. ஒன்றைத் திறந்து பார்த்தேன். மூச்சுகூட விடவில்லை. வெளிர் மஞ்சளில் இனிப்புத் தண்ணீர். காலி பாட்டில்களையாவது கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாராம்.

நான் மாமாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சமையல்காரர்கள் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மாமா, ருசி அதேதானே புள்ள, சத்தம் வராட்டி என்னா என்றார். அந்த மனிதருக்குக் கடைசிவரை புரியவில்லை.

சத்தம் வராவிட்டால் என்ன என்பது பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கிளாஸ்களில் ஊற்றி வைத்த சமர்த்தான ஒயினைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா சட்டைப் பையைத் தடவிக்கொண்டு மேடையின் ஓரத்தில் வந்து நின்றிருந்தார். புது சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார்.

பெரியம்மா சொன்னபடியே செய்தார். காரிலிருந்து அவருடைய பாட்டில் வந்தது. வெளிநாட்டுப் பாட்டில், பகல் முழுக்க மே மாத வெயிலில் கார் டிக்கியில் வெந்துகொண்டிருந்தது. அவருடைய தம்பி கம்பியைத் தளர்த்தியதுமே கார்க் வெடித்துச் சீலிங்கில் அடித்தது. முக்கால் பாட்டில் பொங்கிக் கேக் மேலும் தரை மேலும் கொட்டியது. சத்தம் வந்ததல்லவா, அவர்கள் பக்கம் கை தட்டினார்கள். மிச்சமிருந்த வெதுவெதுப்பான கால் பாட்டிலைப் பெரியம்மா வீட்டார் மட்டும் ஆளுக்கு ஒரு மடக்கு பங்கு போட்டுக்கொண்டு, கிளாஸை முகர்ந்து, கண்ணை மூடித் தலையாட்டினார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

தம்பி மைக்கை எடுத்தார். எங்கள் குடும்பத்தில், என்று ஆரம்பித்துத் தன் அத்தானின் பட்டாளப் பெருமையில் நுழைந்தார். அப்பா மேடையிலிருந்து ஒரு படி இறங்கினார். அப்புறம் இன்னொரு படி. யாரும் கவனிக்கக் கூடாது என்பதுபோல, பக்கத்தில் இருந்தவரிடம் சாப்பாடு ஆச்சா என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

ஆகவே எல்லோரும் கிளாஸைத் தூக்குங்கள் என்று பெரியம்மாவின் தம்பி முடித்தபோது மண்டபமே, எங்கள் நுரை போன ஒயினைத்தான், தூக்கியது. அக்கா தூக்கவில்லை. பெரியம்மா அவள் கையில் திணித்திருந்த வெளிநாட்டு மடக்கைக் கேக் மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போட்டோக்காரர், மேடம் கிளாஸ், மேடம் கிளாஸ் என்றார். அவள் அசையவில்லை. மணப்பெண் குடிக்காமல் மற்றவர்கள் எப்படிக் குடிப்பது? நூற்றுக்கணக்கான பேர் கையைத் தூக்கியபடி நின்றார்கள்.

“என்னம்மா இது, அடம் புடிக்கிற” என்றார் பெரியம்மா.

“எங்க அப்பா இன்னும் பேசல” என்றாள் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. மைக் அருகில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். நிச்சயத்திலிருந்து அன்றுவரை நான் அந்த ஆளை ஒரு மனிதராக மதித்ததில்லை. இப்போதும் கொழுக்கட்டையோடுதான் நிற்பார் என்று நினைத்தேன். அவர் பெரியம்மாவைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. தன் கையில் இருந்த கிளாஸையும் அக்காவின் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். பெரியம்மாவின் தம்பி கையிலிருந்து மைக்கைக் கழற்றினார். ஆமாம், கழற்றத்தான் வேண்டியிருந்தது, அவர் விடவில்லை. மேடையைவிட்டு இறங்கிப் போய், கூட்டத்துக்குள் நழுவிக்கொண்டிருந்த அப்பாவின் கையில் கொடுத்தார்.

“பேசுங்க மாமா. நாங்க நிக்கிறோம்.”

அதற்குப் பிறகும் அவர் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. எனக்கும் அது தேவைப்பட்டதில்லை.

அப்பா மைக்கை ஐஸ்கிரீம்போல வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூச்சுச் சத்தம்தான் முதலில் வந்தது. குளிக்கும்போது பேசிப் பார்த்ததெல்லாம் போய்விட்டது, முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அவரைப் போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்போல இருந்தது. தப்பாகிவிடுமோ, இவர்கள் முன்னால் சிரிப்பாகிவிடுமோ என்று பயம்.

“என் பொண்ணுக்கு ரொம்ப நாளா மாப்ள பாத்தேன்” என்றார். “யாரும் சரியா வரலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய். அவங்கதான் வேணாம்னாங்க. அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் வேணாம்னு சொல்லிட்டதா சொல்லுவேன். அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும், சரிப்பான்னுவா.” மேடைப் பக்கம் திரும்பினார். “நல்லா இருக்கட்டும். குடிங்க.”

கிளாஸைத் தூக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. மைக்கைத்தான் தூக்கினார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மேசையில் இருந்த வெளிநாட்டு மடக்கை எடுக்கவில்லை. நான் நீட்டிய தட்டிலிருந்து எங்கள் பாட்டிலின் செத்த ஒயினை எடுத்தாள். மணப்பெண் உதட்டில் தொட்டுவிட்டுக் கீழே வைப்பதுதான் வழக்கம், அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தபடி, கிளாஸைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.